எட்டு நாள், இரண்டு சின்னப் பிள்ளைகள், நான்கு ஊர் உறவுகள்: சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியா போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: ஜூன் பள்ளி விடுமுறையில் எட்டு நாள் கையில் இருக்கிறது, மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2, சொந்தக் கார். சிரம்பானில் பெரியம்மா, கிள்ளானில் மாமா வீடும் சித்தி வீடும், ஈப்போவில் அத்தை, கடைசியாகச் சுங்கை பட்டாணியில் கணவரின் பாட்டி, அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போகிற வழியில் வீட்டுக்கு ஓர் இரவு என்று தங்கிக்கொண்டே போய், பாட்டி வீட்டில் அரை நாள் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பலாமா, பிள்ளைகள் தாங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போய் வர முடியும். ஆனால் இந்த வரிசையில் போகாதீர்கள். நீங்கள் வரைபடத்தைப் பார்த்து வரிசை போட்டிருக்கிறீர்கள், ஆட்களைப் பார்த்துப் போட வேண்டும். இந்தப் பயணத்தில் இன்னும் சில வருடங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத ஒரே ஆள் அந்தப் பாட்டிதான், அவருக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது அரை நாள். மாமாவையும் சித்தியையும் செப்டம்பர் விடுமுறையில் ஒரு சனி ஞாயிறில் ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அவர்களே சிங்கப்பூருக்கும் வருவார்கள். பாட்டி வர மாட்டார். அதனால் அவருக்கு மூன்று இரவு கொடுங்கள், மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

பிள்ளைகள் தாங்குவார்களா என்பதற்கு: சாலையைத் தாங்குவார்கள். சிங்கப்பூர் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸிலிருந்து சுங்கை பட்டாணி ஏறக்குறைய 700 கிலோமீட்டர், ஆனால் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் பெரும்பகுதி ஒரே பிளஸ் நெடுஞ்சாலை, 1994இல் முழுதாகத் திறந்தது, ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாம் வரை போகிறது. சின்னப் பிள்ளைகளைச் சோர்ந்துபோக வைப்பது ஒவ்வோர் இரவும் ஒரு புது வீடு, புது மெத்தை, புது முகங்கள், ஒவ்வொருவரும் கன்னத்தைக் கிள்ளி "என்னைத் தெரியுதா?" என்று கேட்பது. நான்கு இரவு நான்கு வீட்டில் படுத்த இரண்டு வயதுப் பிள்ளை ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் அழும். அது முரண்டு இல்லை, களைப்பு.

நான் சொல்லும் வரிசை இப்படி. செவ்வாய்க்கிழமை கிளம்பி நேரே கிள்ளான், அங்கே இரண்டு இரவு. மாமா வீடு, சித்தி வீடு இரண்டிலும் தங்க வேண்டாம், யார் வீட்டில் குளியலறையும் படுக்கையறையும் கீழ்த்தளத்தில் இருக்கிறதோ அங்கே தங்குங்கள், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு அங்கே வரட்டும். வியாழன் காலை கிள்ளானிலிருந்து சுங்கை பட்டாணி. வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவும் பாட்டி வீடு. ஞாயிறு ஈப்போ, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அத்தை வீட்டில் ஓர் இரவு. திங்கள் சிரம்பான், பெரியம்மா வீட்டில் ஓர் இரவு. செவ்வாய் வீடு திரும்பலாம். பெரியம்மாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான், களைத்துப்போன பிள்ளைகளோடு கடைசி நாள் ஓட்டுவதற்கு அதற்கு மேல் இருக்கக் கூடாது.

இதில் வெள்ளி, சனி இரண்டு நாளையும் சுங்கை பட்டாணியில் வைத்தது வேண்டுமென்றே. கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகமும் பள்ளியும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் இதை யோசிக்காமல் ஞாயிறு போய் இறங்குவார்கள், வீட்டில் பாட்டியைத் தவிர ஆள் இருக்காது. நீங்கள் வெள்ளி, சனியில் இருந்தால் பக்கத்து ஊர்களில் இருக்கும் உங்கள் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் பிள்ளைகளோடு பாட்டி வீட்டுக்கே வந்துவிடலாம், நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. மலேசியப் பள்ளி விடுமுறையும் நம் ஜூன் விடுமுறையும் முழுதாக ஒத்துப்போவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் வாரமாக இருந்தால் வியாழன் போய்ச் சேர்வது இன்னும் நல்லது, அன்று மாலையே அவர்களுக்கு விடுமுறை தொடங்கிவிடும்.

ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை மறுபடியும் சனி ஞாயிறாகிவிட்டது, அதாவது இப்போது கடற்பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் கிளம்புகிறார்கள். ஜூன் விடுமுறை தொடங்கும் வெள்ளி மாலையும் சனி காலையும் மூன்று மணி நேரம் வரை வண்டிக்குள் உட்கார வேண்டிவரலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே ஒவ்வொரு வருடமும் எச்சரிக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு டயப்பர் மாற்றவோ ஐந்து வயதுப் பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகவோ அந்த வரிசையில் வழியே இல்லை. செவ்வாய் போய்ச் செவ்வாய் திரும்பச் சொல்வது அதனால்தான். நீங்கள் இருப்பது ஜூரோங் பக்கம் என்றால் துவாஸில் இருக்கும் இரண்டாவது பாலம் வழியாகப் போங்கள், சாலைக் கட்டணம் கூடுதல், ஆனால் சாதாரண நாளில் நெரிசல் குறைவு.

கிளம்பும் நேரம். காலை நாலரை, ஐந்துக்கு முன் உட்லண்ட்ஸைத் தாண்டினால் பிள்ளைகள் ஜொகூரில் இருக்கும் மாச்சாப் ஓய்வுத்தளம் வரைக்கும் தூங்குவார்கள் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்கு ஓட்டுகிறவர் முதல் நாள் இரவு ஒன்பதுக்குள் படுத்திருக்க வேண்டும். நள்ளிரவு வரை பெட்டி அடுக்கிவிட்டு மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குப் பதில் காலை பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பலாம். வேலை முடிந்து இரவு ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், பிள்ளைகள் தூங்குவார்கள், கூடவே ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும். இன்னொன்று, ஜூன் மாதத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ காலையிலோதான் அடிக்கும். அப்படி அடித்தால் வேகத்தைக் குறையுங்கள், சாலை தெரியவில்லை என்றால் அடுத்த ஓய்வுத்தளத்தில் ஒதுங்கிவிடுங்கள். அவசரப் பாதையில் நிறுத்தாதீர்கள்.

சோதனைச்சாவடியில் பிள்ளைகள் தூங்கினாலும் அதிகாரிக்கு முகம் தெரிய வேண்டும், உள்விளக்கைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், போர்வையை முகத்திலிருந்து விலக்கிவிடுங்கள், எழுப்ப வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பக்கம் 2024 மார்ச்சிலிருந்து காரில் போகிறவர்கள் கடப்பிதழைக் கொடுக்காமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம், குடும்பம் முழுவதற்கும் ஒரே குறியீடாக முதல் நாளே கைபேசியில் உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலேசியப் பக்கத்துக்குக் கடப்பிதழ் கையில் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்க வேண்டும், பிள்ளைகளின் கடப்பிதழ் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்பதால் அதைத்தான் முதலில் திறந்து பாருங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி, வெளிநாட்டுக் கடப்பிதழில் கூட வரும் பாட்டி தாத்தா, வீட்டுப் பணிப்பெண் ஆகியோருக்குத் தேவை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

காருக்கு வேண்டியவை: மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வில்லை ஒட்டியிருக்க வேண்டும், 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அது இல்லாமல் ஓட்டும் சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். அதைக் கடைசி வாரத்தில் செய்யலாம் என்று விடாதீர்கள். நுழையும்போது 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் டச் அண்ட் கோ அட்டையிலிருந்து போகும், அப்புறம் டோல் எல்லாம் அதே அட்டையில் கட்டலாம், தாராளமாகப் பணம் போட்டு வையுங்கள். உட்லண்ட்ஸுக்கு வருவதற்கு முன் பெட்ரோல் முக்கால் தொட்டிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. மலேசியாவில் வெளிநாட்டு வண்டிக்கு ரான் 95 பெட்ரோல் போடக் கூடாது, 97தான். காப்புறுதி மேற்கு மலேசியா முழுவதற்கும் பொருந்துமா என்று பாருங்கள்.

இனிப் பிள்ளைகளின் இருக்கை. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் கீழ் உயரமுள்ள பிள்ளைக்கு இது கட்டாயம், மலேசியாவிலும் 2020 ஜனவரியிலிருந்து சட்டம். நம் காரில் எல்லோரும் ஒழுங்காக மாட்டிவிடுவோம், பிரச்சினை அங்கே போன பிறகுதான். "பக்கத்துத் தெருதானே, மடியில வெச்சுக்கலாம்" என்று மாமா தன் காரில் ஏற்றுவார், பெரிய பையன்கள் பாசமாகப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து ஐஸ்கிரீம் வாங்கப் போவார்கள். அவர்களுக்கு அது தினமும் நடக்கிற விஷயம், தப்பாகவே தோன்றாது. அந்த நேரத்தில் சத்தம் போட்டால் மனத்தாங்கல் வரும். போன முதல் மணி நேரத்திலேயே, யாரும் எங்கும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, "இவன் இருக்கையில் இல்லாமல் எந்த வண்டியிலும் ஏற மாட்டான், நாங்களே கூட்டிட்டு வர்றோம்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள். இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் அவர் பக்கத்து உறவுகளிடம் சொல்வது நல்லது.

அதே மாதிரி வாசல். அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு வீட்டுக் கதவைத் திறந்தால் தாழ்வாரம்தான் தெரியும், அங்கே கதவைத் திறந்தால் கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டி இரும்புக் கேட், அதைத் தாண்டி நேரே தெரு. விருந்தாளிகள் வந்து போகிற நாளில் கேட் மூடியே இருக்காது, ஒருவர் காரைப் பின்னால் எடுப்பார், இன்னொருவர் விடைபெற்றுக்கொண்டே இருப்பார், இரண்டு வயதுப் பிள்ளை அந்தக் கூட்டத்தின் காலடியில் நிற்கும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. யாராவது கிளம்புகிற நேரத்தில் மகனைத் தூக்கி வைத்துக்கொள்வது யார் என்று நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, நாய் கட்டியிருக்கிறதா, பாட்டியின் மாத்திரைகள் எந்த மேசையில் இருக்கின்றன, இதையெல்லாம் போன உடனே ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ஜூனில் ரம்புத்தான் காலம் வேறு, முழுப் பழத்தைப் பாசத்தோடு குழந்தையின் வாயில் வைப்பார்கள், கொட்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சதையைப் பிய்த்துச் சின்னதாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

வழியில் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓய்வுத்தளங்கள் தாராளமாக இருக்கின்றன, ஜொகூரில் மாச்சாப், பாகோ, மலாக்கா பக்கம் ஆயர் குரோ, பேராக்கில் தாப்பா. கழிப்பறை, கடைகள், பிள்ளைகள் ஓட இடம் எல்லாம் உண்டு. ஆனால் அங்குள்ள பெரும்பாலான சாப்பாடு சின்னப் பிள்ளைக்குக் காரம், நாசி லெமாக்கில் சம்பலைத் தனியாகத் தரச் சொன்னாலும் பக்கத்திலிருக்கும் கோழி காரமாகத்தான் இருக்கும். கட்டுச்சோறு கொண்டு போங்கள். இட்லியில் பெரியவர்களுக்கு மிளகாய்ப்பொடி, பிள்ளைகளுக்கு நெய்யும் சர்க்கரையும். பெரியவர்களுக்குப் புளிச்சோறும் ஆறு ஏழு மணி நேரம் தாங்கும். பால் கலந்த எதையும் வண்டியில் வைக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இருபது நிமிடம் ஓட விடுங்கள், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் நிறுத்த வேண்டாம்.

வாந்தி பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். காரில் தலைசுற்றல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம், ஆகவே மகளுக்கு வர வாய்ப்பு உண்டு, மகனுக்கு இனித்தான் தொடங்கலாம். கண் திரையில் நிலைத்திருக்க உடம்பு ஆடுவதால் வருவது இது, கைபேசியைக் கொடுத்துவிட்டு மாத்திரை தேடுவதில் பயனில்லை. வெளியே தூரத்தில் பார்க்க வையுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், கிளம்பும் முன் பால் வேண்டாம். மருந்து கொடுப்பதென்றால் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், உறவினர் வீட்டு அலமாரியில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் தூள், கொசு விரட்டி, வெப்பமானி நான்கும் பெட்டிக்குள் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும்.

கிள்ளானிலிருந்து வடக்கே போகும் நாள்தான் நீளம், அன்று ஓர் இடம் மட்டும் இறங்குங்கள். நான் சொல்வது தைப்பிங். அங்கே ஏரிப் பூங்காவில் பழைய மழைமரங்கள் கிளைகளைத் தண்ணீர் மேல் தாழ்த்திக்கொண்டு நிற்கின்றன, விலங்குத் தோட்டமும் அதை ஒட்டியே இருக்கிறது, மதியச் சாப்பாட்டையும் ஒரு மணி நேர ஓட்டத்தையும் அங்கே முடித்துக்கொண்டால் மீதித் தூரம் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பத்துமலையைக் கிள்ளானில் இருக்கும் நாளில் வையுங்கள், காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். 272 படி, மகனைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும், குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறிக்கும், சாப்பிடும் எதையும் மேலே கொண்டு போகாதீர்கள்.

தங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஈப்போ அத்தை வீட்டில் இடம் குறைவு, ஹோட்டல் எடுத்தால் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டீர்கள். சொல்லாமல் எடுத்தால் நிச்சயம் கோபித்துக்கொள்வார். இரண்டு வாரம் முன்னாலேயே உங்கள் அம்மா மூலமாகச் சொல்லுங்கள், "சின்னவன் ராத்திரி எழுந்து அழறான், உங்க தூக்கம் கெடும், படுக்க மட்டும் வெளியே, மற்ற நேரம் எல்லாம் உங்க வீட்டிலதான்" என்று. இரவுச் சாப்பாட்டை அத்தை வீட்டில்தான் சாப்பிட வேண்டும், காலைப் பசியாறலுக்கும் அங்கே வந்துவிட வேண்டும். பாட்டி வீட்டில் மட்டும் இடம் இல்லாவிட்டாலும் தரையில் பாய் போட்டு அங்கேயே படுங்கள். குடும்பத்தில் கடந்த வருடம் யாராவது தவறியிருந்தால் அந்த வீட்டுக்கு வெறுமனே தொலைபேசியில் பேசியதோடு விடாதீர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கி நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளை அழைத்துப் போகாவிட்டாலும் பரவாயில்லை.

பாட்டியிடம் இத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லாதீர்கள், சொன்னால் சாப்பிடாமல் காத்திருப்பார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்" என்பது போதும்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் இரவில் தூங்கும் முன் கைபேசியில் படங்களைக் காட்டி யார் யார் என்று மகளுக்குச் சொல்லுங்கள்: இவங்க அப்பாவோட பாட்டி, உனக்குக் கொள்ளுப்பாட்டி, இவங்க ஈப்போ அத்தைப்பாட்டி. முடிந்தால் பாட்டியோடு காணொளியில் இரண்டு தடவை பேச வையுங்கள். முகமும் குரலும் பழகியிருந்தால் வாசலில் ஒளிந்துகொள்ள மாட்டாள். ஒளிந்துகொண்டாலும் "போய்க் கட்டிப்பிடி" என்று தள்ளாதீர்கள், வணக்கம் சொல்லட்டும், போதும், அரை மணி நேரத்தில் தானே மடிக்குப் போவாள். அவளுக்குத் தமிழ் வரவில்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அங்குள்ள பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறவர்கள், மலேசியாவில் இன்னும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. விளையாட்டில் தன் முறை போய்விடும் என்றால் பிள்ளை தானாகத் தமிழில் கத்தும். அந்த மூன்று நாளும் நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்தில் பெரியவர்கள் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலம், யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், யாருக்கு யார் பெண் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், அவர் அனுமதியோடு கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இது நடப்பதற்குத்தான் மூன்று இரவு கேட்டேன். முதல் நாள் விசாரிப்பிலும் சாப்பாட்டிலும் போய்விடும், இரண்டாம் நாள் மாலைதான் பெரியவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

திரும்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கட்டிக் கொடுப்பார்கள். முறுக்கு, ஊறுகாய், மாவு வகை பிரச்சினை இல்லை. இறைச்சி, முட்டை, செடி கொடி என்றால் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு, உணவு அமைப்பும் தேசியப் பூங்காக் கழகமும் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பெரியம்மா கருவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு காரில் வைத்த பிறகு இறக்கச் சொன்னால் வருத்தப்படுவார். மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது, சிகரெட்டுக்கும் கிடையாது. நீங்கள் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பதால் புதிதாக வாங்கிய பொருள்களுக்கு ஆளுக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை, கிள்ளானில் புடவையும் பாத்திரமும் வாங்கினால் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சிரம்பானிலிருந்து காலை ஒன்பதுக்குக் கிளம்புங்கள், பாகோவில் ஒரு நிறுத்தம், மதியத்தை ஒட்டி ஜொகூர் பாரு. மாலை நான்கு மணிக்கு மேல் ஜொகூர் பாரு சாலைகளில் நெரிசல் கூடும், அதற்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.